ஆய்வில் இல்லாத குழி

நவம்பர் 6, வியாழன்

மூன்று நாள் மழை விட்டு வெயில். காலேஜுக்கு அரை நாள் லீவு. எங்கள் கண்மாயில் மடை திறப்பு. தேங்காய், சூடம், மாலை எல்லாம் ஆயிற்று. ஷட்டரைத் தூக்கினார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

உள்ளே தண்ணீர் கிடக்கிறது, மடை மட்டத்துக்குக் கீழே. கோடையில் ஊரார் விற்பதற்காகச் சவுடு மண் அள்ளிய குழி அவ்வளவு ஆழம். பெய்த மழையையெல்லாம் அதுவே குடித்துவிட்டது.

மாமா (என் வீட்டுக்காரரின் அப்பா): "இப்பத்தான் பயிரு தூரு கட்டுது. இனிமே மானத்த நம்பித்தான்."

நவம்பர் 7, வெள்ளி

மதுரை போய் என் பிஎச்.டி. கைடைப் பார்த்தேன். பஸ்ஸில் நின்றே பயணம்.

என் ஆய்வு, மண் அள்ளிய பணம் யாருக்குப் போனது என்பது. எங்கள் ஊரில் நிலம் இல்லாதவர்களுக்கும் சமப் பங்கு. அந்த அத்தியாயத்தைத்தான் அவர் போகிற இடமெல்லாம் புகழ்கிறார். குழியையும் சேர்க்கணும் என்றேன்.

"கூலி, குத்தகை, பங்கு. இதுதாம்மா நம்ம சப்ஜெக்ட். குழியெல்லாம் என்விரான்மென்ட்காரங்க பாடு."

எரிச்சல். காபி வாங்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை.

வாங்க வேண்டியது: மாமாவுக்கு பி.பி. மாத்திரை, சீயக்காய்.

நவம்பர் 8, சனி

மேகம் மட்டும். ஊர்த்தலைவர் வந்தார். காண்ட்ராக்ட்காரர்கள் மறுபடி மண் கேட்கிறார்களாம், வடக்குக் கரையோரம். நாளை கூட்டம்.

"எல்லாருக்கும் சமமாப் பங்கு கெடச்சுச்சுன்னு நீதான எழுதுன தாயி. அத எந்திருச்சுச் சொல்லு. படிச்ச புள்ள சொன்னா எடுபடும்."

என் எழுத்தைக் காட்டியே தோண்டப் போகிறார்கள். மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சாப்பிடவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கூட்டம். எழுந்தேன்.

"பங்கு சமந்தான். ஆனா மடை மட்டத்துக்குக் கீழ தோண்டுனா வயலுக்குத் தண்ணி ஏறாது. அத நான் எழுதல. இன்னொரு குழி வேண்டாம்."

பேச்சியம்மாள் எழுந்தாள். களையெடுத்துப் பிழைப்பவள், ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது.

"இத்தன வருசம் தண்ணி பாஞ்சுச்சே டீச்சரு, எனக்கு யாரு பங்கு குடுத்தா? மண்ணுப் பங்குலதான் மொதமொதல்ல எம் பேரும் வந்துச்சு."

"பயிரு இல்லேன்னா களையெடுக்க வேல ஏது அக்கா?"

"அத அப்பப் பாத்துக்கிருவோம்."

பாதிக்கு மேல் கை தூக்கிவிட்டார்கள். தை பிறந்ததும் தோண்டுவதாக முடிவு. மாமா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமலே நடந்தார். பேச்சியம்மாள் மேல் கோபப்படவும் முடியவில்லை. அவள் சொன்னதில் பொய் எங்கே?

கைடுக்குப் போன். நடந்ததைச் சொன்னேன்.

"பிரமாதம்மா! அந்தம்மா சொன்னத அப்படியே கடைசி அத்தியாயத்துல போடுங்க."

"குழி, சார்?"

"அத விடுங்க. எப்ப சப்மிட் பண்றீங்க?"

"அந்தக்கா பேச்சும் வரும், குழியும் வரும் சார். ரெண்டும் சேந்துதான் வரும்."

"அப்ப வேற கைடு பாத்துக்கங்க" என்று போனை வைத்துவிட்டார்.