ஆடாமல் இருந்த மச்சாளுக்கு

இன்று காலை வெள்ளவத்தையில் ஒரு கடையில் பனங்கற்கண்டு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கின் வாயை அவிழ்த்ததும் வந்த மணத்தில், என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோய் நின்றேன். உங்கள் தலையணையடியில் எப்போதும் அந்த மணம் இருக்கும். சின்னப்பிள்ளை மாதிரி இனிப்புத் தின்கிறீர்கள் என்று எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறேன். நீங்களும் சிரித்துக்கொண்டே ஒரு துண்டை வாய்க்குள் போட்டுக்கொள்வீர்கள். அது எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது, மச்சாள். தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை.

கனடாவில் இருந்த உங்கள் கணவரிடம் போய்ச் சேரத்தான் நீங்கள், சண்டையில் தரைப்பாதை பூட்டிக்கிடந்த காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறிக் கொழும்புக்கு வந்து என் அறையில் தங்கினீர்கள். வருடக்கணக்கான பிரிவு. ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, விசாவுக்கான மெடிக்கலுக்குக் கூப்பிடுவது மட்டும்தான் பாக்கி. வெளியே போகப் பயம். ஆமிக்காரர் செக்பொயின்ற்றில் மறித்துக் கேட்டால் மறுமொழி சொல்ல உங்களுக்குச் சிங்களம் வராது. அதனால் பகலும் இரவும் அந்த ஒற்றை அறைதான். இரண்டு கட்டில், ஒரு மேசை, நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். அதற்குள்தான் நான் தெரமின் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தேன்.

ஹெவ்லொக் டவுனில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றது. பழைய ரேடியோ என்று நினைத்துத்தான் அந்த மரப்பெட்டியை வாங்கினேன். கூட வந்த புத்தகத்தைப் படித்த பிறகே அது தெரமின் என்ற, கரண்டில் வேலை செய்யும் ஒரு வாத்தியம் என்று விளங்கியது. நிமிர்ந்து நிற்கும் கம்பிக்குக் கிட்ட வலது கையைக் கொண்டுபோனால் சுரம் ஏறும். பக்கத்து வளையத்துக்குக் கிட்ட இடது கையைக் கொண்டுபோனால் சத்தம் அடங்கும். எதையும் தொடக்கூடாது, வெறும் காற்றில்தான் வாசிக்க வேண்டும். முதல் கிழமை முழுக்க அது ஊளையிட்டது. யாருக்கும் சுகமில்லையோ என்று வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து கேட்டார். “தொடாமலே ஒரு சாமானைப் பழுதாக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்” என்று சொல்லி நீங்கள் அன்று முழுக்கச் சிரித்தீர்கள்.

கை பழகப் பழக எனக்கு வெறி பிடித்தது. கந்தோரில் வேலை முடிந்து வந்து முகம் கழுவ முன்னமே பெட்டியைப் போட்டுவிடுவேன். அந்தப் பெட்டிக்கு என் கை, உங்கள் கை என்ற வித்தியாசம் கிடையாது. கிட்ட எந்த உடம்பு அசைந்தாலும் சுரம் வழுகும். நீங்கள் கட்டிலில் புரண்டால் வழுகும், எழும்பி உட்கார்ந்தால் வழுகும். நீங்கள் இருமினால், கஷ்டப்பட்டுப் பிடித்து வைத்த சுரம் உதறிக்கொண்டு போகும். ஒருநாள் அப்படி மூன்று தரம் போனதும் எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

“இருமிறதெண்டா வெளியில போய் இருமிப்போட்டு வாங்கோ மச்சாள்” என்றேன்.

வெளியே என்பது, முன்பின் தெரியாத ஆண்கள் ஏறி இறங்குகிற இருட்டுப் படிக்கட்டு. அங்கே நீங்கள் போகமாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். உங்கள் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு நேரானது.

“நீர் வாசியும் பிள்ளை. நான் ஆடாமல் இருக்கிறன்.”

சொன்னபடியே இருந்தீர்கள். சுவர்ப்பக்கம் திரும்பி, வாய்க்குள் கற்கண்டோடு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு. இருமல் மாறிவிட்டது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். முதன்முதலாக ஒரு தாலாட்டு பிசகாமல் கைக்கு வந்த அன்று திரும்பிப் பார்த்தேன்; உங்கள் கண்ணால் நீர் ஓடிக்கொண்டிருந்தது. என் வாசிப்புக்கு அழுகிறீர்கள் என்று நினைத்தேன். அதைக் கந்தோரிலும் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன்.

மெடிக்கலில் எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் விழுந்திருந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே டொக்டர் சிங்களத்தில் கேட்க, நான் உங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். எவ்வளவு காலமாக இருமல் என்று கேட்டார். உங்களிடம் கேட்காமலே, இருமலே இல்லை என்று நான் மறுமொழி சொல்லிவிட்டேன். ஒரே அறையில் படுக்கிறவள் எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. டொக்டருக்கு நம்பிக்கை வரவில்லை, அவவிடம் கேள் என்றார். கேட்டேன்.

“இருக்குப் பிள்ளை. மூண்டு நாலு மாதமா இருக்கு. உம்மட பெட்டி குழம்பும் எண்டு அடக்கினனான்.”

மாதக்கணக்கை மட்டும் டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னேன். பெட்டியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டேன். முந்தியே கொண்டுவந்திருக்கலாமே என்று அவர் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். அதை நான் உங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

விசா வரவில்லை. உங்கள் கணவர் போனில் அழுத அழுகையை நான்தான் கேட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு மாதம் கழித்துப் பெட்டியைப் போட்டேன். பழகிய இடத்தில் கை போனது, ஆனால் ஒரு சுரமும் அங்கே இல்லை. கட்டிலில் நீங்கள் கிடக்கும்போது சேர்த்த சுருதி அது. வெறுங்கட்டிலுக்கு ஏற்றபடி பொத்தானைக் கொஞ்சம் திருகினேன், எல்லாம் சரிவந்துவிட்டது. அது அவ்வளவு இலேசாகச் சரிவந்ததை இன்றுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

ஆனாலும் நான் வாசிப்பதை விடவில்லை, மச்சாள். விட்டிருந்தால் உங்களுக்கு மரியாதை செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்; எனக்கு விட மனம் வரவில்லை. இப்போது விழாக்களுக்கும் கூப்பிடுகிறார்கள். போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் வாசித்தபோது, முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமலை அடக்குவது தெரிந்தது. இடது கையை இறக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, அவர் இருமி முடிக்கும்வரை நின்றேன். சனம் திரும்பிப் பார்த்தது. பிறகு விழா நடத்தியவர் வந்து, “சின்ன இருமல்தானே, அப்பிடியே வாசிச்சிருக்கலாம்” என்றார்.

“ஓம். முந்தி அப்பிடித்தான் வாசிச்சனான்” என்றேன்.