பிரான்சில் இருந்து வந்த ஸ்ரியரிங் பெட்டி

பேசாலை
ஞாயிறு, பூசைக்குப் பின்

அன்பு மகன் டொமினிக்குக்கு,

ஆண்டவரின் காவலில் நானும் தங்கச்சி மதலேனாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை என்றாலும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. நீ அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மடு மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசை நல்லபடி முடிந்தது, ஊரே வந்தது, உன் அகதி வழக்கு முடியாமல் நீ வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள். வாடைக் காற்று தொடங்கிவிட்டது, வள்ளங்களை மேலே இழுத்து வைத்திருக்கிறார்கள்.

இது போனில் சொல்லக்கூடியது இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு படித்த முருங்கன் யோகராசா நேற்று வந்தான். 'அங்கிள், அம்மாவின்ரை கடைசி நேரத்திலை உங்கடை கார் ஓடினது அவன் அனுப்பின ஸ்ரியரிங் பெட்டியாலை எண்டு டொமினிக் சொன்னவன், எனக்கும் அதே மாதிரி ஒண்டு வாங்கி அனுப்புறானாம்' என்று சந்தோசமாகச் சொன்னான். மகன், நீ அனுப்பிய பெட்டியை நாங்கள் பூட்டவே இல்லை.

நீ வருசம் பார்த்தாய், மொடல் பார்த்தாய், எஞ்சின் இலக்கத்தைக்கூட என்னிடம் கேட்டு ஒத்துப் பார்த்தாய். அங்கே இருக்கிற எங்கள் ஊர்ப் பெற்றிசியா மடுத் திருவிழாவுக்கு வந்தபோது அதை உடுப்புகளுக்கு நடுவில் வைத்துச் சுமந்து வந்தாள். மெக்கானிக் சிங்கராசா எங்கள் பழைய பெட்டியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்த உடனேயே 'அண்ணை, இது இடப்பக்கம் இருந்து ஓடுற நாட்டுக் காரின்ரை, சில்லைத் திருப்புற கை மற்றப் பக்கமெல்லோ நிக்குது, பூட்ட ஏலாது' என்று சொல்லிவிட்டான். அப்பா எந்தப் பக்கம் இருந்து ஓடுவார் என்றே மறந்து போனானே என்று நான் கத்தினேன். 'அவன் அங்கை பாக்கிற கார் எல்லாம் அப்பிடித்தானே, பிள்ளையை ஏசாதேங்கோ' என்று சொல்லி, அம்மா பெட்டியைத் துடைத்துத் தன் சீலைகளோடு அலுமாரிக்குள் வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது, எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கு வருத்தம் கடுமையான அன்று தாராபுரம் முஹைதீன்தான் தன் மீன் லொறியில் அவளை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், ஒரு நிமிடமும் சுணங்கவில்லை, ஆகவே கார் ஓடாததால்தான் அம்மா போனாள் என்று நீ ஒருநாளும் நினைக்காதே. வார்ட்டுக்கு நீ போன் எடுத்துக் கேட்டபோது, 'ஓமடா, உன்ரை பெட்டி பூட்டின காரிலைதான் அப்பா என்னைக் கொண்டுவந்தவர், ஒரு குலுக்கமும் இல்லாமல் வந்தனான்' என்று அவளாகத்தான் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்து, அவனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள். அடக்கத்தன்று நீ போனில் அழுதுகொண்டு, அம்மாவை நானே கூட்டிக்கொண்டு போன மாதிரி அப்பா என்று சொன்னபோதும் நான் வாய் திறக்கவில்லை. உனக்கு மிஞ்சியது அந்த ஒரு ஆறுதல், அதையும் இன்று நான் பறிக்கிறேன். என்னை மன்னித்துக்கொள்.

ஆனால் யோகராசா கட்டுக்கரைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குகிறவன், அவசரக்காரன் என்று உனக்கே தெரியும். பொருந்தாத பெட்டி கைக்கு வந்தால் சும்மா வைக்க மாட்டான், எங்கேயாவது வெட்டி ஒட்டிப் பூட்டிக்கொண்டு ஓடுவான். அதனால்தான் அம்மாவின் சொல்லை மீறுகிறேன். பழைய சாமானுக்கு வருசமும் மொடலும் மட்டும் பார்த்தால் போதாது, அவனுடைய பழைய பெட்டியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லு, கை நிற்கும் பக்கம், ஆணி பூட்டும் ஓட்டைகள், தண்டின் பற்கள் எல்லாவற்றையும் ஒத்துப் பார். ஒன்று பிழைத்தாலும் அனுப்பாதே, நான் வவுனியாவில் தேடிக் கொடுக்கிறேன்.

மாதா உன்னைக் கைவிட மாட்டா, என் ஆசீர்வாதமும் எப்போதும் உன்னோடு. கோபம் என்றால் ஏசுவதற்காவது போன் எடு. ஒன்றை மட்டும் மறக்காதே மகன், எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்தால் கண்ணை மூடி எங்கள் காரை நினைத்துப் பார். அம்மா எனக்கு இடப்பக்கம் இருப்பாள்.

உன் அன்பு அப்பா,
சந்தியோகு