காலண்டருக்கு மேல் எரிந்த பல்பு

2006, தை, ஞாயிறு

"மாலை போட்ட படம் ஹால்ல இருந்தா வூடு வாங்க வர்றவங்க யோசிப்பாங்கம்மா, கழட்டி வையுங்க" என்று தரகர் நேற்றே சொல்லியிருந்தார். காலையில் என் வீட்டுக்காரரின் படத்தை இறக்கி, பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். சுவரில் வெளுப்பாகத் தெரிந்த இடத்தை மறைக்க மளிகைக் கடைக் காலண்டரை மாட்டினேன். பீங்கான் பொம்மைகளையெல்லாம் துடைத்து அடுக்குவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

நல்லூரிலிருந்து கணவனும் மனைவியுமாக வந்தார்கள். அந்த அம்மா ஹாலில் நின்று, "ஏங்க, காலண்டருக்கா லைட்டு போட்டு வெச்சிருக்கீங்க?" என்றார்.

படத்துக்கு மேலே இருந்த சிவப்பு பல்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. அவர் போனதிலிருந்து ஒருநாளும் அணைக்காத பல்பு. எனக்கு எப்படி ஞாபகம் வரும்?

"முருகன் படம் போட்ட காலண்டரு இல்லீங்களா, அதான்" என்று தரகர் சமாளித்தார். அந்த அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீடு பிடித்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார்களாம். "அதுவரைக்கும் படத்த வெளிய எடுத்துடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தரகர் போனார்.

எடுக்கவில்லை. பல்பை மட்டும் அணைக்கப் போவதில்லை. யாராவது கேட்டால் முருகனுக்கு என்று நானும் சொல்லிக்கொள்கிறேன்.