ஆடு தின்ற பில்லுகள்

வதனி,

நீர் கோயிலால வர முந்தி நான் கிளிநொச்சிக்கு வெளிக்கிடுறன். புட்டும் மீன்குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கு. உப்புக் கொஞ்சம் கூட, நான்தான் சமைச்சனான்.

நாங்கள் வாடகைக்குக் குடுத்த வீட்டில இருக்கிற ரீச்சர் பத்து மணிக்கு அந்த வீட்டுக் கதவின்ர மற்றத் திறப்பு எடுக்க வருவா. அது அலுமாரிக்கு மேல கிடக்கு.

அந்த வீடு திருத்தின பில்லுகள் மழைக்கு நனைஞ்சு, நீர் கொடியில காயப்போட, ஆடு திண்டிட்டுதெல்லே. வரியில செலவைக் கழிக்கேலாதெண்டு மூண்டு நாளா முகத்தைத் தூக்கி வைச்சிருந்தன். நேற்று வரிக் கணக்குப் பாக்கிற தம்பிராசா அண்ணையிட்டக் கேட்டன். வாடகையில கால்வாசியைத் திருத்தச் செலவெண்டு அப்பிடியே கழிக்கலாமாம், பில்லே தேவையில்லையாம். நாங்கள் செலவழிச்சதைவிட அது கூட வருது. அதுக்குத்தான் இண்டைக்குக் கையெழுத்து வைக்கப் போறன்.

ஆட்டை ஏசுற சாட்டில உம்மைத்தான் ஏசினனான். அது உமக்கும் தெரியும். ஆட்டுக்குக் காலமை பூவரசங்குழை ரெண்டு கொப்புக் கூடப் போட்டு, அதோட சமாதானமாயிட்டன்.

தவம்

மறந்துபோனன்: வாசிச்சு முடிய இந்தச் சீட்டையும் ஆட்டுக்குப் போடும். மன்னிப்பை வந்து நேரில கேக்கிறன், அதுக்கும் பில் வேண்டாம்.