பாரம் ஏறிய சைக்கிள்

பொழுது விடிந்தும் விடியாமலும் இருந்தது. டியூட்டிக்குக் கிளம்பிய பிளாரன்ஸ், மாடியில் கோபித்துக்கொண்டு படுத்திருக்கும் புருஷன் ரோச்சுக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்.

“சட்டியில சாளைக் குழம்பு இருக்கு. வீம்புக்குப் பட்டினி கிடக்காதிய. தம்பி ஆன்றோ காத்துப் பம்பைக் கேட்டு வருவான், குடுத்து விடுங்க.”

பேனா நின்றது. ரோச் சரக்குத் தோணியை ஓட்டும் தண்டல். தோணி கரையில் கிடக்கும் மாதங்களில் உப்பளத்துப் பாதையில் கியர் சைக்கிள் மிதிப்பான்; அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க், உள்ளே அடைத்த காற்றில் அமுங்கி எழும்பும் வகை. ‘வெயிட்டு போட்டுட்டிய, முன்போர்க்கு தரைதட்டுது’ என்று நேற்று அவள் சொன்ன ஒரு சொல்லுக்கு, அந்தப் போர்க்கில் கல்லாகக் காற்றடித்து வைத்திருந்தான்.

“காத்தைக் கொஞ்சம் இறக்கியிருக்கேன். நீங்க ஏறி உக்காந்தா போர்க்கு கால்வாசி முங்கணும். முங்கவே இல்லைன்னா குழிக்குக் குழி கை விட்டுப்போகும். பாரம் ஏறின தோணிதான் ஆடாமப் போகும்னு தண்டலுக்கு நான் சொல்லணுமா?”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் பொடி எழுத்தில் நெருக்கி எழுதினாள்.

“நீங்க இல்லாம எப்படி அளவு பாத்தேன்னு கேப்பிய. உங்க எடைக்கு நான் பத்தல. உப்பு மூட்டையை மடியில வச்சுக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சு ஏறி உக்காந்தேன். மெல்ல முங்கி முங்கி எழும்புச்சு. கண்ணை மூடினேன், உங்க கூடக் கடல்ல போற மாதிரியே இருந்துச்சு. இவ்வளவு பாரத்தையும் தூக்கிக்கிட்டா நேத்து மாடி ஏறினிய? இனிமே கீழேயே கோவிச்சுக்கிட்டுப் படுங்க.”