அப்பா ஏறாத வண்டி

வியாழக்கிழமை, இரவு.

என் வண்டிக்குக் கம்பெனி போட்டுத் தந்த ராக் ஸ்லைடர் வெறும் தகரம். கதவுக்கடியில் பாறை இடிக்காமல் காக்க வேண்டியது, தாமல் ஏரிக்கரையில் ஒரே இடியில் மடங்கிப்போச்சு. வெளியே ஒரு பட்டறையில் கனத்த குழாயாகப் பார்த்து, உயர்த்திப் போட்டேன். இது யானை ஏறினாலும் அசையாது.

இன்று அம்மாவுக்கு முதல் வருஷத் திதி. அதைக் கொடுக்க நானும் அப்பாவும் திருப்புட்குழிக்குக் கிளம்பினோம். பழைய ஸ்லைடர் தாழ்வாக, பலகை மாதிரி அகலமாக இருக்கும். அதில் கால் வைத்துத்தான் அப்பா ஏறுவார். இன்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார். குழாய் வழுக்கியது. தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ போய்க்கினே இருப்பா. நான் பஸ்ல வந்துர்றேன்."

காலி வண்டியோடு அவர் ஏறின பஸ் பின்னாடியே போனேன். நல்ல தார் ரோடு. வழி முழுக்க ஒரு கல்கூட இல்லை.