வாய் வைத்துக் குடித்த சொம்பு

மச்சான்,

நேற்றுக் காலை கம்பெனி வாசலில் செக்யூரிட்டி மறுபடியும் அந்தக் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை என் நெற்றிக்கு நேராக நீட்டினான். ஊரெல்லாம் ஏதோ ஜுரமாம். 'பீப்' என்றது. "போ" என்றான். அந்தச் சத்தத்தில் உன் ஞாபகம் வந்துவிட்டது. எழுதினால் உனக்கு வந்து சேராதென்று தெரியும். இருந்தபோதே நீ காகிதம் எதையும் மதித்ததில்லை. நானோ பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன். பிழை இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கொரோனா இரண்டாம் தடவை வந்தபோது நாடே கதவைச் சாத்திக்கொண்டது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி மட்டும் சாத்தவில்லை. அத்தியாவசியத் தொழிலாம். இரும்புக் கம்பி இல்லாமல் யாருக்கும் மூச்சே வராதாம். விடிவதற்குள் உன் படகில் ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போய், அங்கே கம்பெனி வேனைப் பிடிப்பேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். நம் தீவிலிருந்து அப்படிப் போய் வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். எங்களுக்கு அதில் பெருமை வேறு.

ஒரு நாள் காலை உடம்பு கொதித்தது. வேனை விட்டு இறங்கியதும், கேட்டுக்கு வெளியே நின்ற சூப்பர்வைசரிடம் போனேன். அவர் சட்டைப்பையில் ஜுர மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். பீடி நீட்டுவதுபோல ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தார்.

"மூஞ்சியக் கழுவிக்கினு, இத்தப் போட்டுக்கினு, கொஞ்ச நேரம் நெழல்ல குந்து. அப்புறமா கேட்டுக்கு வா. நாலு நாளு லீவு போட்டியானா அஞ்சாம் நாளு உன் எடத்துல வேற ஆளு நிப்பான், தெரியும்ல?"

குந்தினேன். போனேன். துப்பாக்கி என்னைப் பாஸ் பண்ணிவிட்டது. என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே பாஸான பரீட்சை அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் படகில் நான் நடுங்கினேன். நீ பின்னால் நின்று இஞ்சினைப் பிடித்தபடி கேட்டாய்.

"இன்னா கம்பெனிக்காரரே, ஜொரமா?"

"இல்ல மச்சான், வெயிலு."

"வெயிலுக்கு எவனாவது நடுங்குவானா?"

அதற்குமேல் கேட்காமல் தார்ப்பாயை எடுத்து என்மேல் வீசினாய்.

கரையில் நம் ஊர்த் தலைவர் காத்திருந்தார். அவர் போட்ட சட்டம் உனக்கு மறந்திருக்காது. வெளியே போய் வந்தவன் ஏரியில் மூன்று முழுக்குப் போடணும். பிறகு அம்மன் கோயில் பித்தளைச் சொம்பில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைக் குடிக்கணும். நோயைத் தீட்டு என்று நினைத்துவிட்டார். தலைமுழுகினால் போய்விடுமாம். இதில் பெரிய கூத்து என்னவென்றால், நம் சனம் அடுத்தவன் வீட்டுச் சொம்பில் உதடு படக் குடிக்காது. எத்தனை தாகமானாலும் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்ளும். நானும் அப்படியே சொம்பைத் தூக்கினேன். தலைவர் கத்தினார்.

"யோவ்! அம்மன் தண்ணிய்யா அது. ஒரு சொட்டு சிந்தினா குத்தம். வாய் வெச்சிக் குடி!"

வாய் வைத்துக் குடித்தேன். மிச்சத்தைக் கரையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள். வாசல் தாண்டாத ஒரு கிழவிக்கும் ஒரு வாய் வீட்டுக்குப் போயிற்று. எதற்கு? பாதுகாப்புக்கு. உன்னிடமும் நீட்டினார்கள். முழங்கால் தண்ணீரில் படகைப் பிடித்துக்கொண்டு நின்ற நீ சிரித்தாய்.

"நானே தண்ணியில கெடக்கறவன். எனக்கு இன்னாத்துக்கு தண்ணி?"

அந்த ஒரு சிரிப்புக்கு உன்னை என்ன பாடு படுத்தினார்கள்!

அடுத்த வாரம் கரையோரத்து வீடுகளில் இருமல் கேட்டது. அதற்கடுத்த வாரம் தெருவே படுத்தது. இரண்டு பேரைப் புதைத்தோம். ஊர்க்கூட்டம் போட்டார்கள். நோய் ஒருவருக்கொருவர் ஒட்டும் என்பதால் எல்லாரும் ஒரே இடத்தில் நெருக்கி உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசினோம். அவ்வளவு அறிவு நமக்கு. "எல்லாரையும் ஏத்தினு வந்தவன் அவன்தானே? அம்மன் தண்ணியையும் வாணாம்னான்" என்று தீர்ப்பாயிற்று. உன் படகைச் சங்கிலி போட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். நான் முன்வரிசையில், துண்டுக்குள் இருமிக்கொண்டு, தலையாட்டினேன்.

பிறகுதான் ஆஸ்பத்திரியிலிருந்து நர்சம்மா நோட்டோடு வந்தார். ஒவ்வொருவராக உட்காரவைத்து எந்த நாள், யாரோடு, எங்கே என்று கேட்டுக் கோடு கோடாக இழுத்தார். உன் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார். உனக்கு ஒன்றுமில்லை.

"படகுல காத்தடிச்சிக்கினே இருக்கு. தெனம் ஓட்டுறவருக்கே வரல. வாசலத் தாண்டாத பாட்டிக்கு எப்டி வந்துச்சி? அந்தம்மா இன்னா சாப்ட்டாங்க, இன்னா குடிச்சாங்க?"

யாரோ சொம்பைச் சொன்னார்கள். எல்லாக் கோடும் அங்கே போய் முடிந்தது. தலைவர் எழுந்துவிட்டார்.

"அம்மனையே சந்தேகப்படுறியாம்மா?"

"அம்மன் மேல சந்தேகம் இல்லீங்க. மொதல்ல வாய் வெச்சது யாரு? அவருக்கு ஜொரம் இருந்துச்சா?"

எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. கம்பெனில தெனம் செக் பண்றாங்க. நார்மல்" என்றேன். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு பேசியது போலவே இருந்தது. நீ சுவரோரம் நின்றிருந்தாய். தார்ப்பாய் போர்த்தியவன் நீ. ஒரு வார்த்தை போதும், உன் படகு அவிழ்ந்திருக்கும்.

"அவரு நார்மல்தான் நர்சம்மா" என்றாய். "எப்பவுமே நார்மல்தான்."

சூப்பர்வைசர் மேல், தலைவர் மேல் எனக்கு எவ்வளவோ இளக்காரம் உண்டு. அன்றைக்கு உன் குரலில் இருந்த இளக்காரத்துக்கு முன்னால் அதெல்லாம் தூசு.

நர்சம்மாவின் கோடு அங்கேயே அறுந்தது. சங்கிலியை மழைக்காலத்தில்தான் அவிழ்த்தார்கள். அதற்குள் தலைவரின் தம்பி வேறு படகு விட்டுவிட்டான். உன் படகைக் 'கொரோனா படகு' என்றார்கள், உன் வீட்டைக் 'கொரோனா ஊடு' என்றார்கள். நீ எங்கள் கம்பெனிக்கே பழைய இரும்பு பிரிக்க வந்தாய். அதே வேனில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தாய். ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். போன ஆடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

என் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். ஒரு தொற்று முதலில் யாரிடமிருந்து கிளம்பியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என எனக்குப் பாடம் நடத்துகிறாள். "அப்பிடியாம்மா!" என்று வாயைப் பிளக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்காரி ஊர்க்கூட்டத்தில் வந்து நின்றாள். உன் படகைத் தானே ஓட்டப்போவதாகச் சொல்லி அனுமதி கேட்டாள். "அந்தப் படகா?" என்று தலைவர் முகத்தைச் சுளித்தார். அப்போதுதான் எழுந்தேன். முழுவதையும் சொன்னேன். மாத்திரை, நடுக்கம், தார்ப்பாய், சொம்பு, பொய், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அடிக்காகக் காத்திருந்தேன்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பார்யா! செத்துப்போன மச்சானுக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்குறான். எவனுக்குய்யா வரும் இந்த மனசு?"

"இல்ல தலைவரே, நெசமாவே நான்தான்..."

"குந்துப்பா. உன் மூஞ்சிக்காக அந்தம்மா படகு ஓட்டட்டும்."

கை தட்டினார்கள், மச்சான். நான் சொன்ன பொய்யை ஒரு நொடியில் நம்பிய சனம், உண்மையைச் சொன்னதும் சால்வை போர்த்தாத குறை. உன் கெட்ட பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனக்குத்தான் புதுப் பெயர்.

வெளியே வந்ததும் உன் வீட்டுக்காரி கேட்டாள்: "உண்மைதானேண்ணா அது? எனக்குத் தெரியும். அவரு சொல்லிட்டுத்தான் போனாரு." அவ்வளவுதான். அழவில்லை, திட்டவில்லை.

இப்போது தினமும் அவள் படகில்தான் வேலைக்குப் போகிறேன். நான் கரையில் தெரிந்ததும், படகில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறாள்.

"நல்லவரு வராரு, எடம் உடுங்க!"

மரியாதையாக நகர்ந்து இடம் விடுகிறார்கள். உட்கார்ந்துகொள்கிறேன்.